கல்லில் இல்லாத ஈயம்

21 ஜனவரி 2025, செவ்வாய்

பொங்கல் லீவு முடிந்து வந்த கையோடு தலைவலி. காலை பத்தரைக்கு மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்தவள் மூன்றரைக்குத்தான் எழுந்தேன். பார்த்தது ஒரே ஒரு கல். எருக்கங்குன்றின் கிழக்கு அடிவாரத்தில் உடைத்தெடுத்த முதல் கல், பெயர் E1.

கருவியில் அளந்தபோது இந்தக் கல்லில் ஈயம் 164 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 164 பங்கு. சாதாரணக் கல்லில் இருபதை ஒட்டித்தான் இருக்கும். இவ்வளவு ஈயம் இருந்தால் ஈயத் தாதுவான கலீனா எங்காவது ஒரு துளியாவது மினுங்கியாக வேண்டும். பளீர் வெள்ளை, மேலே முக்கோணக் குழிகள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அடையாளம் சொல்வேன்.

இல்லை. பைரைட் இருக்கிறது, காந்தக்கல் இருக்கிறது. கலீனா மட்டும் இல்லை.

என் வழிகாட்டி சக்கரபாணி சாரிடம் போய்ச் சொன்னேன். "நீ பாத்த துண்டுல இல்ல. இன்னொண்ணு அறுத்துப் பாரு. ஈயத்துக்குக் காலா இருக்கு, எழுந்து போறதுக்கு?" என்றார். சிரித்துவிட்டு வந்தேன். ஸ்கூட்டியில் பிள்ளைச்சாவடி தாண்டும்போது சிரிப்பு நின்றுவிட்டது.

விளையாட்டில்லை இது. ஐந்தரை வருடம். ஏற்கெனவே ஒரு முறை கால நீட்டிப்பு வாங்கியாயிற்று. மார்ச் 5-ஆம் தேதி சினாப்சிஸ் கருத்தரங்கில் என் ஆய்வை எல்லார் முன்னாலும் ஒப்பேற்றாவிட்டால் பிஎச்.டி. பதிவே போய்விடும். அந்த ஆய்வு மொத்தமும் ஒரு வரைபடத்தின் மேல் நிற்கிறது. கிழக்கிலிருந்து மேற்காக நடந்து எடுத்த நாற்பத்திரண்டு கற்கள். ஈயம் 164, 139, 121 என்று அழகாக இறங்கிக்கொண்டே வந்து பத்தொன்பதாவது கல்லில் சாதாரண அளவுக்கு வந்துவிடுகிறது. கிழக்கே மண்ணுக்கடியில் தாதுப் படிவு ஒன்று ஒளிந்திருக்கிறது, அதன் ஈயம்தான் கசிந்து பரவியிருக்கிறது என்பது எங்கள் முடிவு. கட்டுரையை ஒரு ஆய்விதழ் ஏற்றுக்கொண்டுவிட்டது. அங்கே துளை போட்டுப் பார்க்கலாமா என்று ஒரு சுரங்கக் கம்பெனியிலிருந்து விசாரிப்பு வேறு வந்திருக்கிறது.

சாருக்கு இது சொந்த விஷயம். முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் அங்கே ஈயம் இருக்கும் என்று எழுதி, எல்லாரிடமும் கேலி வாங்கியவர். ஜூனில் ஓய்வு பெறுகிறார்.

24 ஜனவரி, வெள்ளி

ஆறு துண்டு அறுத்துப் பார்த்தாயிற்று. கலீனா இல்லை. எனக்குக் கண்தான் போய்விட்டதா?

27 ஜனவரி, திங்கள்

இரண்டு நாளாகப் படித்ததில் ஒரு வழி கிடைத்தது. ஃபெல்ஸ்பார் என்கிற சாதாரணக் கனிமத்துக்குள் ஈயம் ஒளிந்துகொள்ளும், கண்ணில் படாது. சாருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "எழுதிடு" என்றார்.

எழுத உட்கார்ந்தேன். இரண்டு பத்தி வந்தது. மூன்றாவதில் கை நின்றுவிட்டது. அந்த ஃபெல்ஸ்பார் குன்று முழுக்க ஒரே மாதிரிதானே இருக்கிறது? பிறகு ஏன் கிழக்கில் மட்டும் ஈயம்? அதுவும் படிக்கட்டு இறங்குகிற மாதிரி ஒவ்வொரு கல்லுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து? இயற்கை இவ்வளவு ஒழுங்காக நடந்து நான் பார்த்ததே இல்லை. நவம்பரில் இந்த ஒழுங்கைப் பார்த்துத்தான் குதித்தேன்.

1 பிப்ரவரி, சனி

எருக்கங்குன்று போய் வந்தேன். E1 எடுத்த பாறையில் என் சிவப்பு பெயின்ட் எண் அப்படியே இருக்கிறது. அதற்கு ஒட்டினாற்போல் இன்னொரு துண்டு உடைத்துக்கொண்டேன்.

பக்கத்து வேர்க்கடலைக் கொல்லைக்காரம்மா ஓடி வந்தார். "இன்னாம்மா, துளை போட வராங்களாமே? என் கொல்லை போயிடுமா?" என்றார். எனக்குத் தெரியாது என்றேன். "உனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்? நீதான ரெண்டு வருஷமா கல்லத் தட்டிக்கினு திரியிற" என்று சண்டைக்கு வந்தார். நியாயமான கேள்வி. அவர் கொடுத்த வேர்க்கடலையைத் தின்றபடியே பஸ் ஏறினேன்.

4 பிப்ரவரி, செவ்வாய்

கல் உடைக்கும் அறை பூட்டியிருந்தது. அங்கே வேலை பார்க்கும் அப்துல் கஃபார் பாய், அண்ணன் மகள் கல்யாணத்துக்காக லீவு. காத்திருக்கப் பொறுமை இல்லை. புதுத் துண்டைச் சுத்தியலால் உடைத்து, கல்வத்தில் போட்டுக் கையாலேயே அரைத்தேன். தோள்பட்டை கழன்றுவிட்டது.

அளக்கும் கருவியைப் பார்த்துக்கொள்ளும் சரிதா சாயங்காலம் கூப்பிட்டாள். "மேனகா, ஈயம் பத்தொம்பது."

"நூத்தி..?"

"வெறும் பத்தொம்பது. லேபிள மாத்திட்டியா?"

ஒரே பாறை. ஒரு ஜாண் தள்ளி. அங்கே 164, இங்கே 19. எதை நம்புவது?

6 பிப்ரவரி, வியாழன்

லேபிள் மாறவில்லை. பழைய E1-இல் மீந்திருந்த கட்டியையே கையால் அரைத்துக் கொடுத்தேன். 18.

ஆக, கல்லில் ஈயம் இல்லை. மெஷினில் உடைத்த பொடியில்தான் இருக்கிறது. கோபம் தலைக்கேறியது. நேராக உடைக்கும் அறைக்குப் போனேன். பாய் அப்போதுதான் லீவு முடிந்து வந்து, கல்யாண லட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்.

"பாய், என் கல்லுக்கு மெஷின கழுவினீங்களா இல்லையா?"

அவர் டப்பாவை மூடினார். "ஒவ்வொரு கல்லுக்கும் மணல் ஓட்டி, காத்தடிச்சி, துணி போட்டுத் தொடச்சிருக்கேன். ரிஜிஸ்டர் இருக்குது, பாத்துக்க."

பார்த்தேன். எல்லாம் இருந்தது. அக்டோபர் 9, புதன்: வெறும் மணலை உடைத்துச் சோதனை. அந்த மணலில் ஈயம் கிட்டத்தட்ட பூஜ்யம், நானே அளந்தது. 10-ஆம் தேதி பூஜை. 11, 12, 13 லீவு. 14, திங்கள், 10.05: E1. பிறகு E2, E3. ஒவ்வொன்றுக்கும் நேரம், கையெழுத்து.

மெஷின் சுத்தம். கல் சுத்தம். நடுவில் ஈயம் வானத்திலிருந்தா குதித்தது?

"இருபத்திரண்டு வருஷம் ஆச்சும்மா, யாரும் என்ன இப்பிடிக் கேட்டதில்ல" என்றார் பாய். குரலை உயர்த்தவில்லை. லட்டு தரவும் இல்லை.

7 பிப்ரவரி, வெள்ளி

குளித்துக்கொண்டிருக்கும்போது உறைத்தது, பாதிக் குளியலில் ஓடி வந்து எழுதுகிறேன். ரிஜிஸ்டர் வரிசையும் என் வரைபட வரிசையும் ஒன்று! கிழக்கிலிருந்து மேற்காக நடந்தேன், அதே வரிசையில் எண் போட்டேன், அதே வரிசையில் உடைத்தோம். மேற்கிலிருந்து உடைக்க ஆரம்பித்திருந்தால் என் ஒளிந்திருக்கும் தாதுப் படிவு மேற்கே போயிருக்கும்! மெஷினில் ஏதோ ஒட்டியிருந்து முதல் கல்லில் நிறைய, அடுத்ததில் கொஞ்சம் என்று உதிர்ந்திருக்கிறது. நான் அதைப் போய் மலை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் எது? பாய்தான் துடைத்தாரே.

10 பிப்ரவரி, திங்கள்

அறையில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பாய் வேலை செய்வதைப் பார்த்தேன். வேவு பார்க்கிறேன் என்று அவருக்குத் தெரியும். யாருடைய கல்லையோ உடைத்தார், மணல் ஓட்டினார், காற்றடித்தார். துணியை நனைத்துத் துடைத்தார். மேல் பலகை, பல், கல் கொட்டும் வாய்.

வாயின் உள்விளிம்பில் மட்டும் துணி ஒரு வளைவு வளைந்து போனது.

எழுந்து போய்ப் பார்த்தேன். காய்ந்த சந்தனம், அதன்மேல் குங்குமம். ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டு. பாதிக்கு மேல் உதிர்ந்து ஓரம் மட்டும் மிச்சம்.

"இத ஏன் பாய் விட்டுட்டீங்க?"

"அது சாமிப் பொட்டாச்சேம்மா. நான் எப்பிடி அதத் தொடைக்கிறது? தானா போனாத்தான் உண்டு."

அக்டோபரில் அவர் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போனபோதெல்லாம் நானேதான் மெஷினைத் துடைத்தேன். நான் என்ன செய்தேன்? நானும் சுற்றித்தான் துடைத்தேன். யோசிக்கவே இல்லை. கை தானாக விலகியது. சாமிப் பொட்டை யார் அழுக்குத் துணியால் அழிப்பார்கள்?

பிளேடால் சுரண்டிக் காகிதத்தில் மடித்துக்கொண்டேன். பாய் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

11 பிப்ரவரி, செவ்வாய்

சரிதா: "இது குங்குமமா, பெயின்ட்டா? ஈயம் மெஷின் அளவையே தாண்டுது."

ஈயச் செந்தூரம் கலந்த மலிவுக் குங்குமம். சிவப்பு எடுப்பாக இருக்கச் சேர்ப்பார்கள் என்று எங்கோ படித்திருக்கிறேன்.

யார் வைத்தது என்று துறையில் ஒரு கை பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். போன வருடப் போட்டோக்கள் போனில் இருந்தன. தேடினேன். அக்டோபர் 10. அறை முழுக்க மாவிலைத் தோரணம். பாய் ஓரமாகப் பொரித் தட்டோடு நிற்கிறார். மெஷின் வாயில் தாராளமாகக் குங்குமம் அப்பிக்கொண்டு, எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பது — நான்.

துறையில் குங்குமம் தீர்ந்துபோனது என்று வீட்டிலிருந்து அம்மாவின் பொட்டலத்தை நான்தான் எடுத்துப் போனேன். சுத்தமாக மறந்துவிட்டது.

12 பிப்ரவரி, புதன்

அம்மாவின் குங்குமச் சிமிழில் இருப்பதையும் அளந்தாயிற்று. அதேதான். ஏதோ ஊர்த் திருவிழாவில் தரையில் கடை விரித்தவனிடம் அம்மா வாங்கியது, கால் கிலோ.

சாயங்காலம் சொன்னேன். அம்மா முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"உன் கல்லுல இல்லாதது என் நெத்தியில இருக்குதா?"

"ஆமாம்மா. விஷம் அது. கையில ஒட்டும், சோத்துல கலக்கும்."

"ஒங்கப்பா குத்துக்கல்லாட்டம் உக்காந்து பேப்பர் படிச்சிக்கினு இருக்காரு. அவர வெச்சிக்கினு குங்குமத்தக் கொட்டச் சொல்றியே, வாயக் கழுவுடீ."

அப்பா பேப்பரை இறக்கவே இல்லை. நான் கத்தினேன், அவள் கத்தினாள், முறுக்கு கருகியது. ரத்தப் பரிசோதனைக்கு வா என்றதற்கு, உனக்கு முதலில் கல்யாணத்தைப் பண்ணு, அப்புறம் வருகிறேன் என்கிறாள். இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

13 பிப்ரவரி, வியாழன்

காலையில் அம்மா நெற்றியில் ஸ்டிக்கர் பொட்டு.

14 பிப்ரவரி, வெள்ளி

சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். போட்டோவையும் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரே ஒரு கல்லத்தான கையால அரைச்ச? பாக்கி நாப்பத்தொண்ணு?"

"இல்ல சார்."

"அப்ப? ஒரு கல்ல வெச்சி மலைய முடிவு பண்ணுவியா? குங்குமமும் இருக்கலாம், அடியில ஈயமும் இருக்கலாம்."

வெளியே வந்து மரத்தடியில் நின்றேன். அவர் சொல்வது அறிவியல்படி சரி. ஆசையில் சொல்கிறாரா, அறிவில் சொல்கிறாரா? எனக்குமே அது உண்மையாக இருந்துவிடாதா என்றுதான் இருக்கிறது. இரண்டும் இருக்கலாம்தானே? இருக்கலாம். ஐயோ, ஒன்றும் புரியவில்லை.

நாற்பத்தொன்றையும் கையால் அரைப்பதென்று முடிவு. ஏப்ரல் ஆகிவிடும். கருத்தரங்குக்கு இன்னும் பத்தொன்பது நாள்.

20 பிப்ரவரி, வியாழன்

ஒன்பது கல் முடிந்தது. 19, 22, 18, 20, 21... எல்லாம் சமவெளி. சார் அட்டவணையைப் பார்த்தார். இந்த முறை எதிர்வாதம் செய்யவில்லை. கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டியதுதான் என்று அவரே சொன்னார்.

பிறகு சொன்னது இது. "காரணம் கேப்பாங்க. மாதிரிப் பொடி தயாரிப்புல ஊழியரின் கவனக்குறைவுன்னு எழுதிக்குடு. பூஜை, பொட்டு அதெல்லாம் எழுதாத. அஞ்சு வருஷம் படிச்ச பொண்ணு மெஷின்ல குங்குமம் வெச்சான்னா, உன் வைவாவுக்கு எவன் வருவான்? உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

பாயிடம் விளக்கக் கடிதம் கேட்டிருக்கிறார்களாம். அவர் இன்னும் ஒப்பந்த ஊழியர். ஒவ்வொரு மார்ச்சும் புதுப்பிக்க வேண்டும்.

24 பிப்ரவரி, திங்கள்

தட்டச்சு செய்துவிட்டேன். 'ஊழியரின் கவனக்குறைவு'. அனுப்பவில்லை.

பொய் இல்லையே அது? துடைப்பது அவர் வேலை. அவர் துடைக்கவில்லை. இதில் எந்த வார்த்தை பொய்? ஆனால் நான் வைத்தேன். ஆனால் எல்லா வருடமும் யாரோ வைக்கிறார்கள். ஆனால் இந்த வருடம் வைத்தது நான். நானும்தான் துடைக்கவில்லை. ஆனால் ரிஜிஸ்டரில் என் கையெழுத்து இல்லை, அவருடையதுதான் இருக்கிறது. இப்படி யோசிக்க ஆரம்பித்தது எப்போதிலிருந்து? வேலை போனால் அவர் என்ன செய்வார்? பட்டம் போனால் நான் என்ன செய்வேன்? முப்பத்திரண்டு வயசுல மறுபடியும் மொதல்லேருந்தா?

சரிதாவிடம் கேட்டேன். "எனக்குத் தெரியலடி" என்றாள். அவளாவது உண்மை பேசுகிறாள்.

3 மார்ச், திங்கள்

பாய் என் மேஜைக்கு வந்தார். இரண்டாவது நோன்பு, உதடு காய்ந்திருந்தது. நான் கத்திய நாளுக்குப் பிறகு தானாக வந்து பேசுவது இதுதான் முதல் தடவை.

"நீ நல்லா எழுதுவ. இதுல எழுத்துப்பிழை இருந்தா திருத்திக் குடும்மா. ஆபீசுல குடுக்கணும்."

கோடு போட்ட தாள். நீல மை. அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்:

'ஐயா, கல் உடைக்கும் மெஷின் வாயில் பொட்டு இருந்தது எனக்குத் தெரியும். அதை நான் துடைக்கவில்லை. அது மற்றவர்கள் சாமிக்கு வைத்தது என்பதால் துடைக்க எனக்கு மனது வரவில்லை. அதனால் ஒரு பெண்ணின் படிப்பு கெட்டுவிட்டது. தவறு என்னுடையது. இப்படிக்கு, அ. அப்துல் கஃபார்.'

இரண்டு முறை படித்தேன். "யார் வெச்சதுன்னு எழுதலையே பாய்?"

"அது எதுக்கு? நல்ல நாள்ல நல்ல மனசோட வெச்சது. அதப் போயி எழுதுவாங்களா?"

'துடைக்க' என்பதில் ஒற்று ஒன்று கூடுதலாக இருந்தது. அதை மட்டும் அடித்துக் கொடுத்தேன். அவர் போனதும் பெண்கள் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெட்கமாக இருக்கிறது. வேறு வார்த்தை இல்லை.

5 மார்ச், புதன்

நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

திரையில் முதல் படமாக அந்தப் போட்டோவைப் போட்டேன். குங்குமம் அப்பும் நான். பூஜை வாழ்த்து என்று நினைத்துப் பின்வரிசையில் சிரித்தார்கள். அடுத்ததாக நாற்பத்திரண்டு கற்களையும் உடைத்த நேரப்படி அடுக்கி, எதிரே ஈய அளவு. சிரிப்பு நின்றது.

"மலையில் நான் கண்ட ஈயம் என் வீட்டுக் குங்குமத்தில் இருந்தது. வைத்தது நான். துடைக்காமல் விட்டதில் நானும் ஒருத்தி. கஃபார் பாய் ரிஜிஸ்டரை ஒழுங்காக எழுதியிராவிட்டால் இதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது." இவ்வளவுதான் சொன்னேன் என்று நினைக்கிறேன். இன்னும் உளறியிருப்பேன்.

வெளியிலிருந்து வந்த பேராசிரியர் கேட்டார்: "அப்ப உங்க ஆய்வுல மிச்சம் என்னம்மா இருக்கு?"

"தெரியல சார். இன்னும் இருபத்தாறு கல் அரைக்கணும்."

சினாப்சிஸ் ஏற்கப்படவில்லை. ஆறு மாதம் கொடுத்திருக்கிறார்கள், கடைசி வாய்ப்பு. சக்கரபாணி சார் யாரோடும் பேசாமல் எழுந்து போனார். வாசலில் மட்டும், "உன்ன யார் போட்டோ போடச் சொன்னா?" என்றார்.

11 மார்ச், செவ்வாய்

பாயின் கடிதத்தை ஆபீசில் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். ஒப்பந்தம் தொடர்கிறது. கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தில், காரணம் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டு எழுதி சார் மேஜையில் வைத்தேன். மாலையில் போனால் அவர் கையெழுத்தும் இருந்தது. ஆள் இல்லை.

28 மார்ச், வெள்ளி

தோள்பட்டைக்கு மருந்து. முப்பத்தொன்று முடிந்தது. அம்மா ரத்தம் கொடுக்க ஒருவழியாக வந்தாள். கொஞ்சம் அதிகம்தான், நிறுத்திவிட்டால் இறங்கிவிடும் என்கிறார் டாக்டர். "உன் கல்லால எனக்கு ஒரு நல்லது" என்றாள் ஆட்டோவில். பாராட்டா, குத்தலா என்று தெரியவில்லை.

16 ஏப்ரல், புதன்

நாற்பத்திரண்டாவது கல். சரிதா எண்ணைச் சொன்னாள்: இருபது.

அட்டவணையை எடுத்துக்கொண்டு சார் அறைக்குப் போனேன். ஒரு மாதமாகத் தலையசைப்போடு சரி. இன்று உட்காரச் சொன்னார். விரலை ஒவ்வொரு வரியாக வைத்துக்கொண்டு மேலிருந்து கீழே வந்தார். கடைசி வரி வந்ததும் மறுபடியும் மேலே போய் ஆரம்பித்தார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்லா அரைச்சியா?"

"அரைச்சேன் சார்."

"துண்டெல்லாம்?"

"நாப்பத்திரண்டு கல்லுலயும் துண்டு அறுத்து மைக்ரோஸ்கோப்ல பாத்துட்டேன். கலீனா எங்கயும் இல்ல."

அவர் என் கணினியைத் தன் பக்கம் திருப்பி, முடிவுரைப் பக்கத்தைத் திறந்து, மறுபடியும் என்னிடம் தள்ளினார். "எழுது" என்றார்.

எருக்கங்குன்றில் ஈயத் தாது இல்லை என்று எழுதினேன். சார் குனிந்து படித்தார். 'இருப்பதாகத் தெரியவில்லை' என்று மாற்றச் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. "முதல்ல இருக்குன்னு சொன்னது யாருன்னும் போடு. வருஷத்தோட போடு" என்றார்.

சக்கரபாணி, 1990 என்று அடித்தேன். ஸ்பெல்லிங் சரியா என்று அவரே கண்ணாடியைப் போட்டுப் பார்த்துக்கொண்டார்.